பொன்னுத்தாயி நின்ற ஓரம்

புரட்டாசி 4, சனி

பெருமாள் சனிக்கிழமை. வீட்டில் கறி, மீன் இல்லை. மழை வருகிற மாதிரி வந்து சிறுமலைப் பக்கமே திரும்பிப் போய்விட்டது. அதற்கும் என் மேல் என்ன கோபமோ.

சாப்பிடும்போது மகன் மணிமாறன் கேட்டான். "எம்மா, தையில சின்னம்மாவுக்கு வருசத் திதி வருது. படம் ஒண்ணு சட்டம் போட்டு மாட்டணும்ல. நல்ல படமா ஏதாச்சும் இருக்கா?"

இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்.

என் தங்கச்சி பொன்னுத்தாயிக்குப் படம் இல்லை. கல்யாணமான வேகத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தவள். போன தையில் கண்ணை மூடும்வரை என்னோடுதான் இருந்தாள். ஒரே அடுப்பு, ஒரே பாய், பூ மார்க்கெட்டில் ஒரே சாக்கு விரிப்பு. அவள் கட்டுவாள், நான் விற்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு படம் இல்லை. ஆதார் அட்டையில் ஒன்று இருக்கிறது. அதுவா முகம்? பேயைப் பார்த்து மிரண்டவளை எடுத்த மாதிரி இருக்கிறது. அதற்கு மாலை போட்டால் அவளே எழுந்து வந்து கழற்றி எறிவாள்.

வீட்டில் யாராவது போனைத் தூக்கினாலே முந்தானையை இழுத்து மூஞ்சியை மூடிக்கொள்வாள். "என்னைய எதுக்குப்பா எடுக்குறீக, வேற ஆளா இல்ல?"

முதலில் அப்படி இல்லை. அப்படி ஆக்கியது யாரென்று எனக்குத் தெரியும். எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன் - எழுதத்தான் வேண்டும். என் நாத்தனார் பழனியம்மாள். எரியோட்டுக்காரி.

புரட்டாசி 7, செவ்வாய்

அன்றைக்கு எழுத வந்ததை இன்று எழுதுகிறேன். 

பழனியம்மாள் மகன் பெருமாள்சாமிக்குக் கல்யாணம். எரியோட்டில் மண்டபம். மாப்பிள்ளை மாலை, பொண்ணு மாலை இரண்டையும் பொன்னுத்தாயிதான் கட்டினாள். பன்னீர் ரோஸ், சம்பங்கி, இடையில் மரிக்கொழுந்து. ஈரத்துணி சுற்றிக் கூடையில் வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்தாள். என்னிடம் கூடக் கொடுக்கவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து நின்று ஒரு படம். நான் அவள் கையைப் பிடித்து என் பக்கத்தில் நிறுத்தினேன். பழனியம்மாள் வந்தாள். அரக்குப் பட்டு. காதில் புதுத் தோடு, இடது தோடு கொஞ்சம் திரும்பியிருந்தது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. சிரித்த மூஞ்சி மாறாமல் குனிந்து சொன்னாள்.

"ஏ பொன்னுத்தாயி, தாலி அறுத்தவ நடுவுல நிக்கப்படாது. ஓரமாப் போயி நில்லு."

மெதுவாகத்தான் சொன்னாள். மெதுவாகச் சொன்னால் சுடாதா?

அவள் கட்டின மாலை நடுவில் நிற்கலாம், அவள் நிற்கக் கூடாது. என் கையை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போய்விட்டாள். அதுதான் அவள் கடைசியாக நின்ற படம்.

நானும் அதோடு அந்த வாசலை மிதிக்கவில்லை. பழனியம்மாள் புருஷன் செத்ததற்கு மணிமாறனைத்தான் அனுப்பினேன். என் வீட்டுக்காரர் செத்தபோது அவள் வந்தாள். கூடப்பிறந்த தம்பி சாவுக்கு வராமல் இருக்க முடியுமா. தூக்குவாளியில் காப்பி கொண்டுவந்தாள். மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பி அனுப்பினேன்.

மணிமாறன் சொல்வான், "இதையெல்லாம் மறந்து தொலைம்மா." மறக்கிறவர்கள் மறக்கட்டும். நானும் மறந்தால் அவளுக்காக நினைத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

புரட்டாசி 12, ஞாயிறு

இன்று பார்த்ததை இன்றே எழுத வேண்டும். 

பேத்தி தமிழ்மதி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிற ஆல்வினை ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவன் அப்பா எடுக்காத கல்யாணம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. அந்தப் பழைய பிலிம்களையெல்லாம் ஆல்வின் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறானாம். ஊர் சனம் போனிலேயே பார்க்கிற மாதிரி தமிழ்மதிதான் செய்துகொடுத்தாளாம். ஆவணியில் புதுக் கல்யாணங்களைப் போட்டார்கள், இப்போது பழசு.

"அப்பத்தா, எரியோட்டு மாமா கல்யாணம் வந்திருச்சு. பாக்குறியா?"

கடலைமிட்டாய்த் துண்டு மாதிரி சதுரம் சதுரமாகப் படங்கள். அதில் அந்தப் படம். நடுவில் பொண்ணு, மாப்பிள்ளை. கழுத்தில் பொன்னுத்தாயி கட்டின மாலை. பக்கத்தில் நான், என் வீட்டுக்காரர். மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரத்துக்குப் போனேன்.

ஓரத்தில் ஒரு கை. முழங்கைக்குக் கீழே மட்டும். வளையல் இல்லாத கை. அதில் பச்சை குத்திய தேள்.

அவ கைதான். சித்திரைத் திருவிழாவுல நானும் அவளும் ஒண்ணா உக்காந்து குத்திக்கிட்டது. எனக்கு வலது கையி, அவளுக்கு இடது கையி. கை இருக்கு, ஆளை வெட்டிட்டாளுக. அன்னைக்கு ஓரமாப் போன்னு சொன்னவ, இன்னைக்கு ஓரத்துலயும் இருக்கக் கூடாதுன்னு வெட்டிட்டா.

புரட்டாசி 13, திங்கள்

காலையில் தமிழ்மதியிடம் சொன்னேன். "அந்த எரியோட்டுக்காரி அந்த ஸ்டுடியோக்காரனுக்கு என்னமோ சொல்லி வெட்டச் சொல்லியிருக்கா. நீ போயி அவன் சட்டையப் பிடிச்சுக் கேளு."

அவள் கம்ப்யூட்டரை மூடி வைத்தாள். பிறகு, "யாரும் வெட்டச் சொல்லல அப்பத்தா. நான்தான்" என்றாள்.

"நீயா?"

"எல்லாப் படமும் ஒரே சதுரமா வரணும்னு வச்சேன். நீட்டமா இருக்கிற படத்துல நடுவ மட்டும் எடுத்துக்கிட்டு ரெண்டு ஓரத்தையும் விட்டுரும். கல்யாணப் படம்னா பொண்ணு மாப்பிள்ள நடுவுலதான இருப்பாக, அது போதும்னு நெனச்சேன். ஓரத்துல யார் நிப்பாங்கன்னு நான் யோசிக்கல."

அவளை வளர்த்ததில் பாதி பொன்னுத்தாயி. தலையில் பூ வைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியவள்.

புரட்டாசி 14, செவ்வாய்

பேசவில்லை.

புரட்டாசி 16, வியாழன்

பேசவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். காப்பியோடு எனக்கென்ன சண்டை.

புரட்டாசி 22, புதன்

தமிழ்மதி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். அவளும் ஒரு கொத்தை எடுத்து உருவினாள். பேச வந்தவள்தான் முதலில் பேச வேண்டும் என்று நானும் இருந்தேன்.

"அப்பத்தா, சின்ன அப்பத்தா படம் போகல. முழுசா இருக்கு."

"எங்க இருக்கு?"

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதி வைக்கிறேன். ஆல்வின் ஏற்றிய படமெல்லாம் எங்கேயோ தூரத்தில், வாடகைக்கு எடுத்த ஒரு கிட்டங்கியில் பெரிசு பெரிசாக அப்படியே இருக்கிறதாம். கிட்டங்கி என்றால் குடோன்தானே, பூட்டியிருக்கும். முன்னால் ஒரு கம்ப்யூட்டர் நிற்கிறது. ஜனங்கள் போனில் படம் கேட்டால் அதுதான் உள்ளே போய் எடுத்து, போனுக்குத் தக்க அளவு சின்னதாக்கி, வெட்டி, கையில் கொடுக்கும். கிட்டங்கியில் இருப்பதை யாரும் தொடுவதில்லை.

"மார்க்கெட்டு மாதிரிதான?" என்றேன். "சரக்கு மூட்டை உள்ள கெடக்கும். வாசல்ல உக்காந்திருக்கவ மொழம் போட்டுக் குடுப்பா. ஒரு மொழம் கேட்டா ஒரு மொழம்."

"அதேதான் அப்பத்தா! மொழம் போடுறது எப்பிடின்னு நான் அதுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். இப்ப மாத்தப் போறேன். இனிமே வெட்டாது. சின்னதாக்கும், ஆனா ஓரம் வரைக்கும் முழுசா வரும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

அவள் போன பிறகு நினைத்துக்கொண்டேன். எத்தனை மண்டபம், எத்தனை கல்யாணம். ஓரத்தில் நின்றவர்கள் எல்லாம் யார்? போய் நில்லு என்று யாராவது சொல்லி நின்றவர்கள்தானே.

ஐப்பசி 3, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது முதுகுக்குக் கை எட்டவில்லை. வருஷா வருஷம் அவள் தேய்த்துவிடுவாள். "நெட்டி முறிக்கிற சத்தம் மார்க்கெட்டுக்குக் கேக்குதுடி அக்கா" என்பாள். மருமகள் கௌசல்யா தேய்க்க வந்தாள். வேண்டாம் என்றேன். முதுகு காய்ந்தபடியே குளித்தேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

"மாத்திட்டேன் அப்பத்தா, பாரு" என்று தமிழ்மதி சொன்னாள். பார்த்தேன். அதே சதுரம். அதே கை. அதே தேள்.

என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இங்கே எழுத மாட்டேன்.

ஐப்பசி 10, திங்கள்

நேற்று அவள் மேல் தப்பு இல்லையாம். ஒருத்தருக்கு வெட்டிக்கொடுத்த துண்டை அந்தக் கம்ப்யூட்டர் அப்படியே பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொள்ளுமாம். அடுத்தவர் அதே படத்தைக் கேட்டால் கிட்டங்கிக்குப் போகாமல், அடுக்கி வைத்ததையே எடுத்துக் கொடுக்கும். வேகமாகக் கொடுக்கணும் என்று.

"நேத்துக் கட்டுன பூவ இன்னைக்கு விக்கிற கதைதான்" என்றேன்.

"ஆமா. அந்தப் பழைய துண்டையெல்லாம் இன்னைக்குக் கூட்டி அள்ளிட்டேன்."

அவள் போனில் படம் முழுசாக நீளமாக வந்தது. என் போனைத் திறந்தேன். அதே சதுரம்! எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. அவள் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இது ஒன் போனோட வேலை. ஒரு தடவ பாத்தத இதுவும் எடுத்து வச்சிருக்கும். லேசுல விடாது. புதுசு வந்திருந்தாலும் பழசையேதான் காட்டும்."

"என்னையக் குத்திக்காட்டுறியா?"

"ஐயோ, போனச் சொன்னேன் அப்பத்தா!"

அடுப்படியில் கௌசல்யா சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிக்கட்டும். எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

போனில் எதையோ அழித்துவிட்டுக் கையில் கொடுத்தாள். கை, தோள், தலை. ஓரத்தில் பொன்னுத்தாயி முழுசாக நின்றுகொண்டிருந்தாள்.

ஆனால் முகம் உளுந்து அளவு. இரண்டு விரலால் இழுத்தேன். இழுக்க இழுக்கப் பெரிசாகவில்லை, கலைகிறது. கட்டம் கட்டமாக உதிர்கிறது. கண் எது, மூக்கு எது - தெரியவில்லை. இருக்கிறாள், தெரிய மாட்டேன் என்கிறாள்.

ஐப்பசி 16, ஞாயிறு

வெளியே வருவது எல்லாமே சின்னப் படம்தானாம். முகம் தெரிகிற மாதிரி சட்டம் போட வேண்டும் என்றால் கிட்டங்கியில் இருக்கிற பெரிய படம் வேண்டும்.

"சாவி ஒங்கிட்டதான இருக்கு. எடு" என்றேன்.

"இருக்குங்கிறதுக்காக எடுக்க முடியாது அப்பத்தா. முந்தி ஒருக்கா ஒரு பொண்ணு படத்த யாரோ வாங்கிட்டுப் போயி அசிங்கம் பண்ணிட்டாங்க. அதுலருந்து ஆல்வின் அண்ணன் கண்டிசனா இருக்காரு. ஆர்டர் குடுத்த வீட்டுக்காரங்க சரின்னு சொன்னாத்தான் பெரிய படம். நானும் வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஆர்டர் குடுத்த வீடுன்னா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதில்லை. பெருமாள்சாமி கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுத்தது யார்? பழனியம்மாள்.

திண்டுக்கல்லில் பூட்டுக்கா பஞ்சம். ஆனால் இந்தப் பூட்டை அவள் கையிலா கொடுத்துவைக்க வேண்டும்?

ஐப்பசி 24, திங்கள்

மணிமாறன் எரியோட்டுக்குப் போன் போட்டுப் பேசினான். நான் அடுத்த அறையில் இருந்தேன். வந்து தலையைச் சொறிந்தான்.

"அத்தை குடுக்கமாட்டேன்னு சொல்லலம்மா."

"பெறகு?"

"'கேக்க வேண்டியவ கேக்கட்டும். ஒங்கம்மா வாயிலருந்து வரட்டும்'னு சொல்றாக."

என் வாயிலருந்து வரணுமாம். எத்தன வருசமா காத்துக்கிட்டு இருந்திருப்பா இதுக்கு. நான் எதுக்குக் கேக்கணும்? அவளக் கேக்கணும் நானு. நீ என்ன சொன்ன, எதுக்குச் சொன்னேன்னு. அதவிட்டுட்டு நான் போயி அவகிட்ட கையேந்திக்கிட்டு நிக்கவா?

கார்த்திகை 1, திங்கள்

பேசமாட்டேன்.

கார்த்திகை 6, சனி

ஒன்று எழுத வேண்டும். பொன்னுத்தாயி முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது.

எனக்கு எது மறந்திருக்கிறது? எவள் எந்தச் சேலை கட்டினாள், எந்தப் பந்தியில் யாருக்கு அப்பளம் வைக்காமல் போனார்கள், எல்லாம் இருக்கிறது. பழனியம்மாளுடைய திரும்பின தோடு இருக்கிறது. ஆனால் இன்று காலையில் சாமி கும்பிடும்போது கண்ணை மூடி என் தங்கச்சி முகத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் வாயில் குழாயோடு கிடந்ததுதான் வந்தது. அதற்கு முன்னால் உள்ளது வரவில்லை. மூக்குத்தி இல்லாத அந்த மூக்கு, கோபம் வந்தால் எந்தப் பக்கம் சுருங்கும்? இடமா, வலமா?

யாரிடம் போய்க் கேட்பேன்?

கார்த்திகை 18, வியாழன்

நேற்று தீபம். வாசலில் விளக்கு வைக்கக் குனிந்தேன். அவள் இடத்தில் ஒரு விளக்கு கூடுதலாக வைத்தேன். காற்றில் அதுதான் முதலில் அணைந்தது. மறுபடி ஏற்றினேன். மறுபடி அணைந்தது. கௌசல்யா வந்து காற்றுக்கு மறைவாக, அரிசி புடைக்கிற சுளகை நிறுத்தி வைத்தாள்.

மார்கழி 5, சனி

பேசினேன்.

தமிழ்மதியிடம் நம்பர் போட்டுத் தரச் சொன்னேன். அவளை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மணி அடித்தது. எடுத்தாள். பின்னால் டிவி நாடகத்தில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

"யாரு?"

"நான்தான். வெள்ளையம்மா."

டிவிச் சத்தம் நின்றது.

"உசுரோடதான் இருக்கியா?"

"ஒனக்கு முந்திப் போகமாட்டேன்."

"அதுசரி. எமனே ஒங்கிட்ட வரப் பயப்படுவான். என்ன வேணும்?"

 சொன்னேன்.

"பெருமாள்சாமி கல்யாணத்துல எல்லாரும் நின்னு எடுத்த படம். அதோட பெருசு வேணும். நீ சரின்னு சொன்னாத்தான் குடுப்பானாம். பொன்னுத்தாயி நிக்கிறா, ஓரத்துல. அவளுக்கு வேற படம் இல்ல."

அதோடு நான் விடவில்லை.

"ஓரத்துல போயி நில்லுன்னு சொன்னது நீதான் மதினி."

இல்லை என்பாள், அப்படிச் சொல்லவில்லை என்பாள் என்று பார்த்தேன். அதற்குப் பதில் கூட வைத்திருந்தேன்.

"சொன்னேன்" என்றாள். "இல்லைன்னா சொல்றேன்? சொன்னேன். எம் மாமியா பின்னாடி நின்னு எங் காதுல சொன்னா, நான் அவ காதுல சொன்னேன். சொல்லாம இருந்திருக்கலாம். சொல்லிட்டேன்."

நான் வைத்திருந்த பதில் ஒன்றுக்கும் உதவவில்லை.

"அதுக்கப்புறம் அவ ஒரு படத்துக்கு நிக்கல, தெரியுமா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீதான் வாசல்ல முள்ளு வெட்டிப் போட்டுட்டியே." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "போன வைகாசியில எம் பேத்தி கல்யாணம். பத்திரிகை அனுப்புனேன், நீ வரல. படம் எடுக்கைல யாரும் என்னைய ஓரமாப் போகச் சொல்லல, கேட்டுக்க. நானாப் போயி நின்னேன். காலு அதுவாப் போகுது. ஆவணியில போன்ல காட்டுனாக. பாத்தா நான் பாதிதான் இருக்கேன். ஒரு காது, ஒரு தோளு. மருமக வெட்டச் சொல்லிட்டா. அதுலருந்து அவகூடப் பேச்சில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை அடக்கியும் வந்துவிட்டது.

"என்னடி சிரிக்கிற? ஒனக்குச் சந்தோசமாத்தான் இருக்கும்."

"ஒம் மருமக வெட்டல மதினி. எம் பேத்தி வெட்டுனா."

"என்னது?"

"வேணும்னு வெட்டல. நடுவ மட்டும் எடுத்தாப் போதும்னு மிசினுக்குச் சொல்லி வச்சிருந்தா. ஒன்னைய மட்டுமில்ல, ஓரத்துல நின்ன எல்லாரையும் வெட்டிருச்சு. இப்பச் சரி பண்ணிட்டா. போயிப் பாரு, நீ முழுசா இருப்ப. பழசு வந்தா, ஒம் போன்ல இருக்கிறத அழிக்கச் சொல்லு."

 அந்தப் பக்கம் யாரையோ கூப்பிடுவது கேட்டது. "ஏத்தா, இங்க வா. அந்தப் போனைக் கொண்டா." பேச்சில்லாத மருமகள்தான் போலிருக்கிறது.

திரும்பி வந்து சொன்னாள். "ஸ்டுடியோக்காரன்கிட்ட நானே சொல்றேன். வச்சிர்றேன்."

மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. ஆனால் காது சூடாக இருந்தது, வெகு நேரம்.

மார்கழி 10, வியாழன்

படம் வந்துவிட்டது. தமிழ்மதி தன் பெரிய கம்ப்யூட்டரில் போட்டு, நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தாள். ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிசாக்கினாள். கலையவில்லை. பெரிசாக்கப் பெரிசாக்க வந்துகொண்டே இருந்தாள். சேலைக் கரை. தேள். கழுத்து. காது மடலில் மூடிப்போன ஓட்டை.

முகம்.

நான் நினைத்தது வேறு. அவமானத்தில் தலையைக் குனிந்திருப்பாள், கண்ணில் தண்ணீர் நிற்கும், அப்படித்தான் இத்தனை வருஷமும் என் மனதில் நிறுத்தி வைத்திருந்தேன். அவள் அழவில்லை. கேமராவையும் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, மாப்பிள்ளை கழுத்தையே பார்க்கிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. மூக்கு இடது பக்கம் சுருங்கியிருக்கிறது.

இடது பக்கம்.

"என்ன பாக்குறாக அப்பத்தா?" என்று தமிழ்மதி கேட்டாள். படத்தை நடுவுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். மாப்பிள்ளை மாலை ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு, நார் வெளியே தெரிகிறது.

அப்போதுதான் வந்தது. எனக்கே மறந்துபோன ஒன்று! அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் பழனியம்மாளை வைதுகொண்டே வந்தேன். இவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள், "மாப்பிள்ள மால முறுக்கிக்கிச்சுக்கா. ஒருத்தராச்சும் திருத்தி விட்டாகளா பாரேன். படம் பூரா நாருதான் தெரியப்போகுது." நான் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்கு என் கோபம்தான் பெரிசாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் படத்துக்கு நிற்கவில்லை என்பதும் நிஜம். அந்தச் சொல் அவளைச் சுட்டது நிஜம். ஆனால் சுட்ட இடத்தில் நின்றுகொண்டு அவள் மாலையைத்தான் பார்த்திருக்கிறாள். ஓரத்திலிருந்து நடுவுக்குக் கை எட்டவில்லை. அவ்வளவுதான்.

இப்போது அழுகிறேன். முகம் வந்துவிட்டது. வந்த பிறகுதான் இன்னும் வேணும் போல இருக்கிறது. குரல் வேணும். அந்த ஈரக் கை வேணும். எந்தக் கிட்டங்கியில் இருக்கிறது அதெல்லாம்?

மார்கழி 20, ஞாயிறு

ஆல்வின் படத்தைச் சட்டம் போட்டு அவனே கொண்டுவந்தான். முகத்தை மட்டும் தனியாக எடுத்துத் தரவா என்று முன்பே கேட்டான். வேண்டாம், மாலை தெரிய வேண்டும், முழுசாகப் போடு என்று சொல்லியிருந்தேன். நடுவில் யாரோ பொண்ணு, மாப்பிள்ளை, ஓரத்தில் திதிக்காரி. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று மணிமாறன் சொன்னான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆல்வின் போகும்போது சொன்னான். "ஆத்தா, ஓரமெல்லாம் தெரிய ஆரம்பிச்சதுலருந்து கடைக்கு ஆள் வந்துக்கிட்டே இருக்கு. எங்கம்மா நிக்கிது, எங்க அத்தை நிக்கிதுன்னு. பெரிய படம் வேணுமாம்."

தை 12, திங்கள்

திதி முடிந்தது. சிறுமலைப் பழம் நல்லதாகக் கிடைத்தது. வெஞ்சனம் அவளுக்குப் பிடித்த மாதிரி கத்தரிக்காயும் மொச்சையும்.

பூவை நானே கட்டினேன். பன்னீர் ரோஸ், சம்பங்கி, மரிக்கொழுந்து. எனக்கு அவள் அளவுக்குக் கை வராது. அங்கங்கே நெகிழ்ந்துபோனது.

இலை போடுகிற நேரத்துக்கு ஆட்டோ வந்து நின்றது. பழனியம்மாள் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கூப்பிட்டது யார் என்று நான் கேட்கவில்லை. தமிழ்மதி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பழனியம்மாளுக்கு இடது காதில் தோடு இல்லை, வலது காதிலும் இல்லை. ரொம்ப இளைத்திருந்தாள். கையில் தூக்குவாளி.

"காப்பி" என்றாள். "இந்தத் தடவையாச்சும் மூடியத் தொறந்து பாரு."

கௌசல்யா வாங்கி உள்ளே கொண்டுபோனாள்.

படத்துக்கு மாலையைப் போட்டோம். உட்கார்ந்தோம். பழனியம்மாள் எனக்கு எதிரில் இல்லை, பக்கத்திலும் இல்லை, சுவர் ஓரமாக ஒரு நாற்காலியில் இருந்தாள். படத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மால முறுக்கிக்கிருக்கு" என்றாள்.

ஆமாம். ஒரு பக்கம் திரும்பி நார் தெரிந்துகொண்டிருந்தது. நான் கட்டினதுதானே.

பழனியம்மாள் கிட்டே போய், இரண்டு கையாலும் மெதுவாகத் திருப்பி, ரோஜாவை முன்னால் கொண்டுவந்து, பொன்னுத்தாயி நிற்கிற ஓரத்தில் பூ மறைக்காமல் ஒதுக்கிவிட்டாள்.

நான் தடுக்கவில்லை.